எனர்ஜி: ஓர் இசைத்தட்டும் அதன் கணக்குவழக்கும்

1

1989 மே 28ஆம் தேதி கலிபோர்னியாவின் பெர்க்லி நகரத்தில், கில்மன் தெரு 924ஆம் எண் கட்டடத்தில், ஆப்பரேஷன் ஐவி என்ற நால்வர் குழு வாசித்தது. 'எனர்ஜி' என்ற அவர்களது முதல் முழுநீள இசைத்தட்டின் வெளியீட்டை ஒட்டிய நிகழ்ச்சி அது. கட்டடம் கொள்ளாத கூட்டம். கில்மனில் அதுவே அவர்களுக்குக் கடைசி மேடையும் ஆயிற்று. தட்டு ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தபோது அதை வாசித்தவர்கள் ஒரு குழுவாக இல்லை.

குழுவுக்கு இரண்டு வருட ஆயுள். ஒரு சிறுதட்டு, ஒரு முழுத்தட்டு, அவ்வளவுதான் கையிருப்பு. பெயர் பரவப் பரவ அந்தக் கவனம் பாரமாயிற்று, முக்கியமாகப் பாடகர் ஜெஸ்ஸி மைக்கேல்ஸுக்கு அது ஒத்துவரவில்லை என்று காரணம் சொல்லப்படுகிறது. இதை வைத்து ஒரு புராணமே உருவாகிவிட்டது. புகழ் வாசலுக்கு வந்தபோது கதவைச் சாத்திக்கொண்டவர்கள், விலைபோகாதவர்கள் என்ற புராணம். ஸ்கா பங்க் என்ற இசைவகையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒழுக்கக் கதையை நடுவில் நிறுத்தித்தான் எழுதுகிறார்கள். ஒரு பக்கம் விலைபோகாதவர்கள், இன்னொரு பக்கம் விலைபோனவர்கள். சிறிய கம்பெனி புனிதம், பெரிய கம்பெனி துரோகம்.

சின்ன அமைப்பு, சின்ன அச்சு, சின்ன வாசகர் வட்டம் என்று வாழ்கிற நமக்கு இந்தக் கதை இனிக்கத்தான் செய்யும். அதனாலேயே இதை வேறு மாதிரி வாசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 'எனர்ஜி'யின் பாட்டு எப்படி இருந்தது என்ற கேள்வியோடு, அந்தப் பாட்டிலிருந்து வந்த காசு எங்கே போயிற்று என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டால் கதை கொஞ்சம் கலைகிறது. அப்படிக் கலைத்துப் பார்ப்பதற்கு முதலில் ஸ்காவின் ஊரான கிங்ஸ்டனுக்குப் போக வேண்டும்.

2

ஸ்கா 1950களின் கடைசியில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்தில் பிறந்த ஆட்ட இசை. பெரிய ஒலிபெருக்கிகளை வண்டியில் ஏற்றித் தெருவில் இறக்கி, இசைத்தட்டு போட்டு, கட்டணம் வாங்கி ஆடவிடும் 'சவுண்ட் சிஸ்டம்' வியாபாரம் அங்கே செழித்திருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பர் இசைத்தட்டுகள் போதாமல் போனபோது, இந்த வியாபாரிகளே உள்ளூர் வாத்தியக்காரர்களைக் கூட்டிப் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். காக்ஸோன் டாட், டியூக் ரீட் போன்றவர்கள் இப்படித்தான் தயாரிப்பாளர்கள் ஆனார்கள். இசையின் அடையாளம் எளிதானது. தாளத்தின் தட்டு விழும் இடத்தில் இல்லாமல் இரண்டு தட்டுகளுக்கு நடுவே கிடாரோ பியானோவோ வெட்டி வெட்டி விழும். கால் தரையில் நிற்காது.

1964இல் உருவான ஸ்கடலைட்ஸ் குழு ஒரு வருடத்துக்குச் சற்றே அதிகமாக மட்டும் வாழ்ந்தது. ஆனால் அந்தக் காலத்துக் கிங்ஸ்டன் பதிவுகளில் கணிசமானவற்றில் அதன் ஆட்களின் கைவண்ணம் உண்டு. ட்ரோம்போன் வாசித்த டான் டிரம்மண்ட், சாக்ஸபோன் வாசித்த டாமி மெக்குக் முதலியோர் ஆல்ஃபா என்ற கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய பள்ளியில் படித்தவர்கள். ஏழைப் பையன்களுக்கான அந்தப் பள்ளி ஊதுகருவிப் பயிற்சிக்குப் பேர்போனது.

இவர்களுக்குக் கூலி எப்படி? பாட்டுக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்துவிடுவது. அதற்குப் பிறகு தட்டு லண்டனில் விற்றாலும் சரி, இருபது வருடம் கழித்து மறுபதிப்பு வந்தாலும் சரி, வாசித்தவனுக்குப் பொதுவாக ஒன்றும் கிடையாது. நாடு 1962 ஆகஸ்ட் 6இல் சுதந்திரம் பெற்றது. சொந்தப் பதிப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1993இல். இடைப்பட்ட முப்பது வருடமும் ஏகாதிபத்தியத்தின் 1911ஆம் வருடச் சட்டத்தை வைத்தே காலம் தள்ளினார்கள். ஸ்கா உலகம் சுற்றியது இந்த முப்பது வருடத்தில்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டாட், ரீட் ஆகியோர் நடத்தியவை பன்னாட்டுக் கம்பெனிகள் இல்லை. அதே ஊர்க்காரர்கள், அதே நிறத்தவர்கள், சின்ன முதலாளிகள். வெள்ளை ஏகபோகத்துக்கு வெளியே ஒரு சுயேச்சை இசைத்தொழிலைக் கட்டியவர்கள் என்று அவர்களைக் கொண்டாடலாம், கொண்டாடவும் வேண்டும். கொண்டாடுகிற அதே வாயால், டிரம்மண்டுக்கு என்ன கொடுத்தீர்கள் என்றும் கேட்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்கு நம்முடைய சொல்லாடலில் இடமில்லாமல் போனதுதான் சிக்கல்.

3

ஸ்கா இங்கிலாந்துக்குக் குடியேறிகளோடு போயிற்று. 1948இல் விண்ட்ரஷ் கப்பலில் வந்து இறங்கியவர்களும் அவர்களைத் தொடர்ந்து வந்தவர்களும் கட்டிய தெருக்களில் அது ஒலித்தது. 1970களின் நடுவில் அங்கே நேஷனல் ஃபிரண்ட் என்ற இனவாதக் கட்சி வளர்ந்தது. 1976இல் எரிக் கிளாப்டன் பர்மிங்காம் மேடையில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசியதற்கு எதிர்வினையாக 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' இயக்கம் தோன்றியது. பங்க் இளைஞர்களும் ரெகே இளைஞர்களும் ஒரே மேடைக்கு வந்தது அப்போதுதான்.

1979இல் கார்த் தொழிற்சாலை நகரமான கவென்ட்ரியில் ஜெரி டாமர்ஸ் '2 டோன்' என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அவரது ஸ்பெஷல்ஸ் குழுவில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்தார்கள். பழைய ஸ்காவைப் பங்க்கின் வேகத்துக்கு இழுத்தார்கள். 1981 ஜூலையில் பிரிட்டிஷ் நகரங்கள் கலவரத்தில் எரிந்தபோது விற்பனைப் பட்டியலின் உச்சியில் இருந்தது அவர்களுடைய 'கோஸ்ட் டவுன்'. வேலை போன நகரத்தைப் பற்றிய பாட்டு.

2 டோன் சுயேச்சையானதா? முழுசாக இல்லை. அது கிரிசாலிஸ் என்ற பெரிய கம்பெனியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் கீழ் இயங்கிய முத்திரை. ஆனாலும் இனவாதத்துக்கு எதிராக அது செய்த வேலையை யாரும் மறுக்க முடியாது. பெரியதன் நிழலில் இருந்துகொண்டே ஓர் அரசியல் காரியம் நடந்திருக்கிறது.

2 டோனின் சின்னம் கறுப்பு உடை, வெள்ளைச் சட்டை, தொப்பி, கறுப்புக் கண்ணாடியோடு சாய்ந்து நிற்கும் ஒரு கோட்டுருவம். அதை டாமர்ஸ் உருவாக்கியது வெய்லிங் வெய்லர்ஸ் தட்டின் அட்டையில் இருந்த பீட்டர் டாஷின் படத்தைப் பார்த்து. எட்டு வருடம் கழித்து பெர்க்லியில் ஜெஸ்ஸி மைக்கேல்ஸ் தன் குழுவுக்காக வரைந்த தொப்பிக்காரன் இந்தக் கோட்டுருவத்தின் வாரிசு. கிங்ஸ்டனில் ஒரு கறுப்பு இளைஞனின் உடல். கவென்ட்ரியில் கறுப்பும் வெள்ளையும் கலந்த சின்னம். பெர்க்லியில் கறுப்பர் எவரும் இல்லாத ஒரு குழுவின் அடையாளம். மூன்று நகரங்களைத் தாண்டியதில் உருவம் மிஞ்சியது, உடல் கழன்றது. இதைத் திருட்டு என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் இளைஞர்கள் இந்த இசையை எதற்காக எடுத்தார்கள், எடுத்து என்ன செய்தார்கள் என்று பார்க்காமல் தீர்ப்பு எழுதுவது சோம்பேறித்தனம்.

4

குழுவின் பெயரிலிருந்து தொடங்கலாம். ஆப்பரேஷன் ஐவி என்பது 1952 நவம்பரில் பசிபிக் கடலின் எனிவெடாக் பவளத்தீவுகளில் அமெரிக்கா நடத்திய அணுகுண்டுச் சோதனைத் தொடரின் பெயர். அதில் வெடித்த 'மைக்' முதல் முழு அளவிலான ஹைட்ரஜன் வெடிப்புச் சோதனை, 10.4 மெகாடன். எலுகெலாப் என்ற தீவு இருந்த இடத்தில் கடலுக்குள் ஒரு பள்ளம்தான் மிஞ்சியது. அந்தத் தீவுக்கூட்டத்து மக்கள் 1947இலேயே வெளியேற்றப்பட்டு 1980வரை திரும்ப முடியாமல் இருந்தார்கள். மைக்கை வடிவமைத்த லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தை நிர்வகித்தது கலிபோர்னியாப் பல்கலைக்கழகம். அதன் தாய் வளாகம் பெர்க்லி. ஆக, பையன்கள் எங்கோ கிடந்த பெயரைப் பொறுக்கி எடுக்கவில்லை. சொந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் எழுதப்பட்ட குற்றத்தின் பெயரைத்தான் எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார்கள்.

கில்மன் 924 ஒரு பழைய கிட்டங்கி. பிரம்பு பின்னுகிற கடைக்குப் பக்கத்தில் இருந்தது. 'மேக்ஸிமம் ராக்அண்ட்ரோல்' என்ற பங்க் சிற்றிதழின் டிம் யோஹானனும் நண்பர்களும் சேர்ந்து 1986 டிசம்பர் 31இல் அதைத் திறந்தார்கள். வருடத்துக்கு 2 டாலர் உறுப்பினர் சந்தா. வேலை எல்லாம் தொண்டர்கள். முடிவுகள் கூட்டத்தில். இனவாதம் கூடாது, பெண்வெறுப்பு கூடாது, ஓரினச் சேர்க்கையாளர் மீது வெறுப்பு கூடாது, குடி, போதை, அடிதடி கூடாது என்று சுவரில் பெரிசாக எழுதியிருந்தது. 1988இல் கட்டுப்படியாகவில்லை என்று நிறுவியவர்கள் மூடியபோது இளைஞர்களே எடுத்து மறுபடி நடத்தினார்கள். தலைக்கு மேல் ரௌடிகள் பறந்து விழுகிற கலிபோர்னியா பங்க் அரங்குகளிலிருந்து தப்பித்து, பதினைந்து வயதுப் பையனும் பெண்ணும் பயமில்லாமல் வந்து நிற்கிற இடம். ஆப்பரேஷன் ஐவி இந்தத் தரையில் முளைத்த குழு.

தட்டை வெளியிட்டது லுக்கவுட். லாரி லிவர்மோரும் டேவிட் ஹேய்ஸும் 1987இல் தொடங்கிய கம்பெனி. லுக்கவுட் என்பது முதலில் லிவர்மோர் மலைப்பகுதியில் இருந்துகொண்டு நடத்திய சிற்றிதழின் பெயர். இதழ்தான் கம்பெனி ஆயிற்று. 1988 ஜனவரியில் வந்த முதல் சிறுதட்டுகளில் ஒன்று ஆப்பரேஷன் ஐவியின் 'ஹெக்டிக்'. சட்டப்பேச்சு அதிகமில்லாத ஒப்பந்தம், செலவு போக மிஞ்சுவதில் பெரும்பங்கு குழுவுக்கு. காகிதத்தில் பார்த்தால் கிங்ஸ்டன் கூலிமுறையைவிடப் பல படி மேல்.

'எனர்ஜி'யில் 19 பாட்டுகள், சுமார் 35 நிமிஷம். முதலில் கில்மனிலேயே பதிவு செய்து பார்த்தார்கள், சரிப்படவில்லை. பிறகு சான் பிரான்சிஸ்கோவில் கெவின் ஆர்மியின் தயாரிப்பில் பதிவாயிற்று. நிலையான ஊதுகருவிக் குழு இல்லை. கிடார், பேஸ் கிடார், டிரம்ஸ், குரல். ஊதுகருவியில்லாத ஸ்கா என்றால் ஆல்ஃபா பள்ளிப் பையன்களின் பங்கு முழுசாகக் கழிந்த ஸ்கா. அந்தக் காலி இடத்தை மேட் ஃப்ரீமனின் பேஸ் கிடார் ஓடி ஓடி நிரப்புகிறது. டிம் ஆர்ம்ஸ்ட்ராங்கின் கிடார் ஸ்காவின் இடைவெட்டிலிருந்து பங்க்கின் இரைச்சலுக்குத் தாவி உடனே திரும்புகிறது. மைக்கேல்ஸ் தொண்டை கிழியக் கத்துகிறார். 'யூனிட்டி' என்று ஒரு பாட்டு, 'நாலெட்ஜ்' என்று ஒன்று, 'சவுண்ட் சிஸ்டம்' என்று ஒன்று. கடைசித் தலைப்பில் கிங்ஸ்டன் தெரு பெயர் சொல்லியே வருகிறது. ஒற்றுமையை அவர்கள் வெற்றி முழக்கமாகப் பாடவில்லை. அடிதடி நடக்கும் அரங்கில், ஒருவனை ஒருவன் உதைக்கும் கூட்டத்தைப் பார்த்துக் கெஞ்சுவதுபோல் பாடினார்கள். கலைந்து போகப்போகிற குழு பாடிய ஒற்றுமை என்பதால் கேட்கும்போது நமக்கு அது இன்னும் வலிக்கிறது.

5

இனி வரவேற்பின் கதை. குழு இல்லாததால் ஊர் ஊராய்ப் போய்த் தட்டை விற்க ஆளில்லை. ஒலிநாடாவில் படியெடுத்து நண்பனுக்கு நண்பன் கொடுத்தான். தொப்பிக்காரனைச் சட்டையில் வரைந்துகொண்டார்கள். கடைசி நிகழ்ச்சியில் கூட வாசித்த, அப்போதுதான் கிரீன் டே என்று பெயர் மாற்றிக்கொண்ட விடலைகள் 1990இல் 'நாலெட்ஜ்' பாட்டைத் தங்கள் சிறுதட்டில் வாசித்தார்கள். 1991இல் லுக்கவுட் 'எனர்ஜி', 'ஹெக்டிக்' இரண்டையும் சேர்த்து 27 பாட்டுகளோடு குறுந்தகடாகப் போட்டது. அது நிற்காமல் விற்றது. அதே வருடம் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஃப்ரீமனும் ரான்சிட் குழுவைத் தொடங்கினார்கள்.

பிறகு வெள்ளம். கிரீன் டே 1993இல் வார்னரின் ரெப்ரைஸ் கம்பெனியில் சேர்ந்தது. கில்மன் அவர்களுக்கு மேடை மறுத்தது. 1994இல் வந்த 'டூக்கி' அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. 1997 வாக்கில் மைட்டி மைட்டி பாஸ்டோன்ஸ், ரீல் பிக் ஃபிஷ் முதலிய குழுக்களோடு ஸ்கா பங்க் வானொலிச் சரக்கு ஆகிவிட்டது. ரீல் பிக் ஃபிஷின் பிரபலப் பாட்டின் தலைப்பே 'செல் அவுட்'. விலைபோதலைக் கேலி செய்வதையும் சந்தை விலைக்கு வாங்கிக்கொண்டது. ஆப்பரேஷன் ஐவிக்கு அஞ்சலியாகப் பல குழுக்கள் சேர்ந்து தட்டு போட்டதும் அதே 1997இல்.

இந்த வெள்ளத்தில் கில்மன்காரர்கள் தங்கள் எல்லையை இன்னும் இறுக்கினார்கள். 1994 மே மாதம் டெட் கென்னடிஸ் குழுவின் பழைய பாடகர் ஜெல்லோ பியாஃப்ரா கில்மனில் தாக்கப்பட்டார், கால் உடைந்தது. அடித்தவர்கள் அவரை விலைபோனவன் என்று ஏசினார்கள். அடிதடி கூடாது என்று எழுதிய சுவருக்குக் கீழே நடந்தது இது. ஒரு மாதம் கழித்து 'மேக்ஸிமம் ராக்அண்ட்ரோல்' பெரிய கம்பெனிகளைப் பற்றிய சிறப்பிதழ் போட்டது. 'பாஃப்ளர்' இதழில் 1993இல் ஸ்டீவ் அல்பினி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும் அதில் மறுபிரசுரம் ஆயிற்று. பெரிய கம்பெனியில் சேரும் ஒரு கற்பனைக் குழுவின் வரவுசெலவை அல்பினி வரி வரியாக எழுதிக் காட்டியிருந்தார். இரண்டரை லட்சம் தட்டு விற்றும் கம்பெனிக்கு 7,10,000 டாலர், குழுவில் ஆளுக்கு 4,031 டாலர். கட்டுரையின் பலமே அந்தக் கணக்கில்தான் இருந்தது.

சரி, பெரியவன் கணக்கை எழுதியாயிற்று. சின்னவன் கணக்கை எழுதியது யார்? அந்தச் சிறப்பிதழ் அதைக் கேட்கவில்லை.

அடிபட்ட பியாஃப்ராவே ஆல்டர்னேட்டிவ் டென்டகிள்ஸ் என்ற சுயேச்சைக் கம்பெனி நடத்தியவர். பழைய குழு நண்பர்கள் அவர்மீது வழக்குப் போட்டார்கள். 2000இல் சான் பிரான்சிஸ்கோவில் நடுவர் குழு அவர்களுக்கு ராயல்டி பாக்கி இருந்தது என்று தீர்ப்பளித்தது, 2003இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. பியாஃப்ரா தன் தரப்பில் மறுத்தார். 1994இல் அவரை உதைத்தவர்களுக்கு இந்தக் கேள்வி தோன்றவேயில்லை. அவர்களுக்குத் தெரிந்தது அவர் எவ்வளவு பிரபலம் என்பது மட்டும்.

6

லுக்கவுட்டுக்கு என்னாச்சு? கிரீன் டேயின் பழைய தட்டுகளும் ஆப்பரேஷன் ஐவியும் கொட்டிக் கொடுத்த காசில் கம்பெனி வளர்ந்தது. 1997இல் லிவர்மோர் விலகினார். அடுத்து வந்தவர்கள் புதுக் குழுக்களில் முதலீடு செய்தார்கள், செலவு கூடியது, பழைய குழுக்களுக்குப் போக வேண்டிய ராயல்டி நின்றது. 2005இல் கிரீன் டே தன் தட்டுகளை லுக்கவுட்டிடமிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது. ஆப்பரேஷன் ஐவியும் அதே வழியில் வெளியேறியது. 2007இல் ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஹெல்கேட் கம்பெனி 'எனர்ஜி'யை மறுபடி வெளியிட்டது. லுக்கவுட் 2012இல் இழுத்து மூடியது.

இதில் வில்லன் யாரும் இல்லை. யாரும் பங்களா கட்டவில்லை. நல்ல நோக்கம், நண்பர்களுக்குள் நம்பிக்கை, வரவை எதிர்பார்த்துச் செய்த செலவு, கேட்டால் கொடுத்துவிடலாம் என்ற நினைப்பு. இதையெல்லாம் நாம் எங்கேயோ பார்த்திருக்கிறோம். நண்பனிடம் கணக்குக் கேட்பது அசிங்கம் என்கிற அந்தக் கூச்சம்தான் சின்ன அமைப்புகளில் அதிகாரம் ஒளிந்துகொள்கிற இடம். பெரிய கம்பெனி ஒப்பந்தத்தை வைத்துச் சுரண்டும். சின்ன கம்பெனி நட்பை வைத்துத் தாமதிக்கும். வாசித்தவனுக்கு இரண்டிலும் கை காலி.

இரண்டும் ஒன்றா என்றால், இல்லை. லுக்கவுட்டின் ஒப்பந்தம் எளிமையாக இருந்ததால் குழுக்கள் தங்கள் மூலப்பதிவுகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தது. பெரிய கம்பெனியில் மாட்டிய குழுவுக்கு அது லேசில் நடக்காது. கிங்ஸ்டன் வாத்தியக்காரர்களுக்கு அப்படி ஒரு வாசலே இல்லை. இந்த வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. ஆனால் சிறியதாக இருப்பது தானாகவே ஓர் அறம் என்று நினைத்ததில்தான் கில்மன் அரசியல் சறுக்கியது. வாஷிங்டனில் இயன் மெக்கேயும் நண்பர்களும் 1980இல் தொடங்கிய டிஸ்கார்ட் கம்பெனியைப் பாருங்கள். எழுத்து ஒப்பந்தமே போடாதவர்கள். லாபத்தைக் குழுக்களோடு பகிர்ந்துகொள்கிறார்கள், நாற்பது வருடத்துக்கு மேலாக நிற்கிறார்கள். ஒப்பந்தம் எழுதாவிட்டாலும் கணக்கு எழுதுகிறார்கள். டிஸ்கார்டும் சின்னது, லுக்கவுட்டும் சின்னது. பிரித்துக் காட்டுவது அளவு இல்லை, பேரேடு.

அப்படியானால் 'எனர்ஜி'யின் வரவேற்பு என்பது எது? நாடாவில் படியெடுத்த கைகள், பாட்டைத் தொடர்ந்த குழுக்கள், 1997 வெள்ளம் எல்லாம்தான். அதோடு 2005க்குப் பிறகு நடந்த அந்தக் கசப்பான மீட்பையும் சேர்க்க வேண்டும். ஒரு குழு தன் பாட்டைத் தன் நண்பர்களிடமிருந்தே திரும்ப வாங்க வேண்டி வந்தது. கலைந்து போனதால் சந்தையிடம் சிக்காமல் தப்பித்தார்கள் என்பது பாதி உண்மை. கலைந்த குழுவின் தட்டும் விற்கிறது, விற்கிற வரை யாரோ ஒருவர் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்.

கில்மனின் சுவரில் இருந்த கூடாதுகள் எல்லாமே நல்ல கூடாதுகள். அவற்றுக்காகச் சண்டை போட்டவர்கள் நம் மரியாதைக்கு உரியவர்கள். 2015 மே மாதம் கிரீன் டே மறுபடி அங்கே வாசித்தது, தீ விபத்தில் நஷ்டப்பட்ட ஒரு அராஜகவாதப் பதிப்பகத்துக்கும் அச்சகத்துக்கும் நிதி திரட்ட. சுவரை அழிக்க வேண்டியதில்லை. ஒரு வரியைச் சேர்க்க வேண்டியிருக்கிறது, அது கூடாதுகளில் வராத வரி: வந்த காசு எவ்வளவு, போனது யாருக்கு என்று மாசாமாசம் எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதி ஒட்டு.